ஆசிரியர்களின் பணி மனநிறைவு

ஆசிரியர்களின் பணி மனநிறைவு என்பது பள்ளி ஆசிரியர்கள் தம் தொழிலைக் குறித்தும், அதைச் செய்யும் சூழலைக் குறித்தும் கொண்டிருக்கும் நிறைவுணர்வைக் குறிக்கும் கருத்துரு ஆகும். கல்வியியல், தொழில்சார் உளவியல், சமூகவியல் ஆகிய துறைகளில் இது ஆராயப்படுகிறது. ஊதியம், ஓய்வூதியம், பணிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு இதில் பங்கு உண்டு. எனினும், ஆசிரியர்களுக்கு நிறைவளிப்பது எது என்று கேட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஊதியத்தைவிட வகுப்பறையையும் பள்ளியையுமே விடையாகப் பெற்றுள்ளன.

மாணவர் கற்றுக்கொள்வதைக் கண்ணால் காண்பதே ஆசிரியரின் முதன்மையான நிறைவு என்பது இவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் முடிவாகும். அது ஆசிரியரின் இயல்பையோ ஈடுபாட்டையோ மட்டும் பொறுத்ததன்று. தலைமையாசிரியரின் ஆதரவு, சக ஆசிரியர்களுடனான உறவு, கற்பித்தலில் உள்ள உரிமை, பாடம் நடத்தக் கிடைக்கும் நேரம் ஆகியவை அந்நிறைவு கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கின்றன. எனவே பணி மனநிறைவைத் தனியாள் ஒருவரின் மனநிலையாக மட்டுமன்றி, பள்ளி ஒன்றின் பண்பாகவும் ஆய்வாளர் கருதுகின்றனர்.

சொல்லும் கருத்தும்

இக்கருத்துரு பணித் திருப்தி, தொழில் திருப்தி எனவும் வழங்கப்படுகிறது. 'பணி நிறைவு' என்னும் தொடர் தமிழ்நாட்டில் ஓய்வு பெறுதலைக் குறிப்பதால், இப்பொருளில் அதைப் பயன்படுத்துவது மயக்கம் தரக்கூடும்.

ஒருவர் தம் பணியை அல்லது பணி அனுபவங்களை மதிப்பிடுவதால் எழும் இனிய உணர்வுநிலையே பணி மனநிறைவு என்று அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1976 இல் வரையறுத்தார். இது பின்வருவனவற்றிலிருந்து வேறுபட்டது:

- ஊக்கம்: ஒரு செயலைச் செய்யத் தூண்டும் ஆற்றல். நிறைவுடன் இருக்கும் ஒருவர் ஊக்கமின்றியும் இருக்கலாம்.
- குழு மனவுறுதி: ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் கூட்டாகக் கொண்டிருக்கும் நம்பிக்கை.
- பணிச் சோர்வு: நீண்டகால அழுத்தத்தால் உணர்வு வற்றிப்போதல், மாணவரிடமிருந்து மனத்தளவில் விலகுதல், தம்மால் எதுவும் இயலவில்லை என்னும் எண்ணம் ஆகியவை சேர்ந்த நிலை.

ஆய்வு வரலாறு

தொடக்க கால ஆய்வுகள்

பணி மனநிறைவு பற்றிய தொடக்க நூல்களுள் ஒன்று ராபர்ட் ஹோப்பாக் 1935 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட்ட நூலாகும். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோருள் ஏறத்தாழ 500 ஆசிரியர்களும் இருந்தனர். மிகுந்த நிறைவுடையோரையும் மிகக் குறைந்த நிறைவுடையோரையும் ஒப்பிட்டு, இருசாராரும் எவற்றில் வேறுபடுகின்றனர் என்பதை அவர் ஆராய்ந்தார்.

பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடன் பணியாற்றியோரும் 1959 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், பணியில் மிகவும் மகிழ்ந்த தருணங்களையும் மிகவும் வருந்திய தருணங்களையும் விவரிக்குமாறு அவர்கள் கேட்டனர். மகிழ்ச்சிக்கான காரணங்களும் வருத்தத்திற்கான காரணங்களும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்பது அவர்களின் முடிவு. சாதனை, பாராட்டு, பொறுப்பு, பணியின் தன்மை ஆகியவை நிறைவைத் தருகின்றன. ஊதியம், மேற்பார்வை, நிறுவன விதிகள், பணிச்சூழல் ஆகியவை குறைபடும்போது மனக்குறை எழுகிறது. ஆனால் அவற்றைச் சரிசெய்வதால் மனக்குறை நீங்குமேயன்றி நிறைவு பிறப்பதில்லை. இது இருகாரணிக் கோட்பாடு எனப்படுகிறது.

இதே முறையைத் தாமஸ் செர்ஜியோவானி 1967 இல் நியூயோர்க் மாநிலப் பள்ளி ஆசிரியர்களிடம் பயன்படுத்தினார். சாதனை, பாராட்டு, பொறுப்பு ஆகிய மூன்றும் ஆசிரியர்களுக்கு நிறைவளித்தன. பள்ளி நிர்வாகம், மேற்பார்வையின் தரம், சக பணியாளருடன் உரசல், நேர்மையற்ற நடத்தை ஆகியவை மனக்குறைக்குக் காரணமாயின. பொறியாளர்களிடம் முக்கிய இடம்பெற்ற பதவி உயர்வு ஆசிரியர்களின் விடைகளில் இடம்பெறவில்லை. வகுப்பறையில் இருந்துகொண்டே மேலேறிச் செல்வதற்கு ஆசிரியத் தொழிலில் படிகள் குறைவு என்பது இதற்கான விளக்கமாகும்.

பிலிப் ஜாக்சன் 1968 இல் வெளியிட்ட வகுப்பறை வாழ்க்கை பற்றிய நூலில், சிறந்த ஆசிரியர்கள் எனக் கருதப்பட்ட 50 பேருடன் நடத்திய நேர்காணல்கள் இடம்பெற்றுள்ளன. தாம் நன்றாகக் கற்பிப்பதைத் தேர்வு முடிவுகளைவிட மாணவரின் முகக்குறிப்பு, எழுப்பும் வினா, காட்டும் ஆர்வம் ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் அறிந்தனர்.

லோர்ட்டியின் மூவகை வெகுமதிகள்

சமூகவியலாளர் டேன் லோர்ட்டி 1975 இல் வெளியிட்ட, பள்ளி ஆசிரியர் பற்றிய சமூகவியல் நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பாஸ்டன் நகரை அடுத்த ஐந்து ஊர்களைச் சேர்ந்த 94 ஆசிரியர்களுடன் நடத்திய நேர்காணல்களும், புளோரிடாவின் டேட் மாவட்ட ஆசிரியர்களிடம் 1964 இல் திரட்டப்பட்ட கருத்தறிக்கையும் இதற்கு அடிப்படையாக அமைந்தன. ஆசிரியத் தொழில் தரும் வெகுமதிகளை அவர் மூவகையாகப் பகுத்தார்:

- புறவெகுமதிகள்: ஊதியம், மதிப்பு, பிறர்மீது செல்வாக்கு.
- துணைவெகுமதிகள்: பணிப் பாதுகாப்பு, விடுமுறைகள், குடும்பத்திற்கு ஏற்ற பணிநேரம்.
- உளவெகுமதிகள்: மாணவரைச் சென்றடைதல், அவர்களுடன் உறவாடுதல், பாடப்பொருளில் ஆழ்தல் போன்று பணியின் உள்ளேயே கிடைக்கும் நிறைவு.

இம்மூன்றில் தமக்கு முதன்மையானது உளவெகுமதியே என்று டேட் மாவட்ட ஆசிரியர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் தெரிவித்தனர். உளவெகுமதிகளுள்ளும், ஒரு மாணவரையோ மாணவர் குழுவையோ தாம் சென்றடைந்து அவர்கள் கற்றுக்கொண்டதை உணரும் நேரத்தையே மிகப் பெரும்பான்மையினர் தேர்ந்தனர். 20 ஆண்டுகள் கழித்து 1984 இல் அதே மாவட்டத்தில் மீண்டும் கருத்தறிந்தபோதும் அடிப்படைப் படம் மாறவில்லை.

ஊதியமும் விடுமுறையும் ஒரு பள்ளியில் அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே விதியின்படி கிடைப்பவை. கூடுதலாக உழைப்பதால் அவை கூடுவதில்லை. உளவெகுமதி மட்டுமே ஆசிரியரின் முயற்சிக்கேற்ப மாறக்கூடியது. எனவே ஆசிரியர் தம் உழைப்பை அதை நோக்கியே செலுத்துகிறார் என்று லோர்ட்டி விளக்கினார். நல்ல நாள் எப்படிப்பட்டது என்று கேட்டபோது, வகுப்பு இடையூறின்றி நடந்து மாணவர்கள் பாடத்தில் ஈடுபட்ட நாளையே ஆசிரியர்கள் விவரித்தனர். வகுப்பறைக்கு வெளியிலிருந்து வருவோர் பெரும்பாலும் கெட்ட நாளின் விவரிப்பிலேயே இடம்பெற்றனர்.

உளவெகுமதியின் நிலையற்ற தன்மையையும் அவர் சுட்டிக்காட்டினார். கற்பித்தலின் பயன் உடனே தெரிவதில்லை. தெரிந்தாலும் அது தம்மால்தான் விளைந்தது என்று ஆசிரியர் உறுதியாகக் கூற இயலாது. முட்டை அடுக்கும் தட்டைப் போலத் தனித்தனி அறைகளாகப் பகுக்கப்பட்ட பள்ளியில், ஒருவரின் வெற்றியைக் கண்டு உறுதிசெய்ய மற்றொருவர் அருகில் இருப்பதுமில்லை. தொழிலின் மிகப்பெரிய வெகுமதி மிகவும் உறுதியற்றதாகவும் இருப்பதே ஆசிரியப் பணியின் அடிப்படைச் சிக்கல் என்பது இந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று.

மனநிறைவைத் தாங்கும் காரணிகள்

வெற்றி உணர்வு

சூசன் மூர் ஜான்சனும் அவருடைய குழுவினரும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்த 50 ஆசிரியர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அதன் முடிவுகள் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. தம் மாணவரிடத்தில் வெற்றி பெறுகிறோம் என்னும் உணர்வு கிட்டியதா என்பதே, அவர்கள் அப்பள்ளியில் நீடித்தனரா, வேறு பள்ளிக்கு மாறினரா, தொழிலையே விட்டனரா என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. பொருத்தமான பாடங்கள் ஒதுக்கப்படுதல், அளவான பணிச்சுமை, போதிய பாடத்திட்டமும் துணைக்கருவிகளும், உதவும் மூத்த ஆசிரியர்கள் ஆகியவை அவ்வுணர்வுக்குத் துணைநின்றன. தாம் பயிற்சி பெறாத பாடத்தை நடத்தப் பணிக்கப்படுதல், நூல்கள் இல்லாமை, கட்டுப்பாடற்ற பள்ளிச்சூழல் ஆகியவை அதைக் குலைத்தன.

சக ஆசிரியர்கள்

சூசன் ரோசன்ஹோல்ட்ஸ் டென்னசி மாநிலத்தின் 78 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 1989 இல் வெளியிட்ட நூலில், பள்ளிகளை முன்னேறும் பள்ளிகள், தேங்கிய பள்ளிகள் என வேறுபடுத்தினார். முன்னேறும் பள்ளிகளில் கற்பித்தல் அனைவருக்கும் கடினமான செயலாகக் கருதப்பட்டதால், உதவி கேட்பதும் உதவுவதும் இயல்பாக இருந்தன. தேங்கிய பள்ளிகளில் உதவி கேட்பது திறமையின்மையை ஒப்புக்கொள்வதாகக் கருதப்பட்டது. எனவே ஒவ்வொருவரும் தம் சிக்கலை மறைத்துத் தனிமையில் உழன்றனர்.

கூட்டுறவு எல்லா வடிவத்திலும் பயன் தருவதில்லை. மேலிடத்தின் ஆணைப்படி, குறித்த நேரத்தில், குறித்த பொருள் பற்றிக் கூடுமாறு கட்டாயப்படுத்தப்படும் கூட்டங்களை ஆன்டி ஹார்கிரீவ்ஸ் போலிக் கூட்டுறவு என்று அழைத்தார். ஆசிரியர்கள் தாமே முன்வந்து உருவாக்கும் உறவு தரும் நிறைவை அவை தருவதில்லை.

ஜப்பானின் பாட ஆய்வு முறை இதன் மறுபக்கத்தைக் காட்டும் எடுத்துக்காட்டாகும். சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகின்றனர். அவர்களுள் ஒருவர் அதை மாணவர்களுக்கு நடத்த, மற்றவர்கள் வகுப்பறையில் நின்று மாணவர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் அனைவரும் கூடி அதைப் பற்றி உரையாடுகின்றனர். ஆசிரியரை மதிப்பிடுவது அன்றி, பாடத்தை மேம்படுத்துவதே இதன் நோக்கம்.

தலைமையாசிரியர்

ஜான்சன், மேத்யூ கிராஃப்ட், ஜான் பாப்பே ஆகியோர் மாசச்சூசெட்ஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு 2012 இல் வெளியிட்ட கட்டுரையில், பள்ளிக் கட்டடத்தின் நிலையைவிடச் சமூகச் சூழலே ஆசிரியரின் மனநிறைவுடன் வலுவான தொடர்பு கொண்டிருந்தது. பள்ளியின் பண்பாடு, தலைமையாசிரியரின் தலைமை, சக ஆசிரியர்களுடனான உறவு ஆகிய மூன்றும் அச்சூழலின் முதன்மைக் கூறுகள். வறிய மாணவர்கள் மிகுந்த பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் விலகுவது மாணவர்களை விட்டு விலகுவதன்று என்றும், அப்பள்ளிகளில் நிலவும் மோசமான பணிச்சூழலை விட்டு விலகுவதே என்றும் அவர்கள் வாதிட்டனர். இதற்கு முன்னர், டெக்சாஸ் தரவுகளைக் கொண்டு எரிக் ஹனுஷெக்கும் பிறரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர்களின் இடமாற்றம் ஊதியத்தைவிட மாணவர்களின் பின்னணியுடனும் அடைவு நிலையுடனும் கூடுதல் தொடர்புடையது எனக் கூறியிருந்தது.

தன்னுரிமை

கற்பிக்கும் முறை, பாட வரிசை, மதிப்பீடு ஆகியவற்றில் ஆசிரியருக்கு உள்ள முடிவெடுக்கும் உரிமை தன்னுரிமை எனப்படும். ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்தம் ஆகியோரின் பணிப்பண்பு மாதிரியிலும், எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் தன்முடிவுக் கோட்பாட்டிலும் இது அடிப்படைத் தேவையாக வைக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தம் தொழில் வளர்ச்சிக்கான இலக்குகளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையே ஆசிரியர் மனநிறைவுடன் மிக நெருங்கிய தொடர்புடையது.

பின்லாந்தில் 1970களின் இறுதி முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கும் முதுகலைப் பட்டம் தேவைப்படுகிறது. அந்நாட்டில் பள்ளி ஆய்வாளர் முறை 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வைத் தவிர, மாணவர் அனைவரும் எழுதவேண்டிய நாடு தழுவிய தேர்வு அங்கு இல்லை. உயர்ந்த பயிற்சியும் அதற்கேற்ற நம்பிக்கையும் இணைந்த நிலைக்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பிணைப்புணர்வு

நோர்வே ஆய்வாளர்களான ஐனார் ஸ்கால்விக், சிட்செல் ஸ்கால்விக் ஆகியோர் 2,500க்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது. பள்ளியின் நோக்கங்களும் தம் விழுமியங்களும் ஒத்துப்போதல், மேலாளரின் ஆதரவு, சக ஆசிரியர் உறவு ஆகியவை பள்ளியுடனான பிணைப்புணர்வை வளர்த்தன. நேர நெருக்கடி உணர்வுச் சோர்வை வளர்த்தது. பிணைப்புணர்வு மனநிறைவைக் கூட்டியது. சோர்வு அதைக் குறைத்தது. மனநிறைவு குறைந்தவர்களிடம் தொழிலை விட்டு விலகும் எண்ணம் மிகுந்திருந்தது.

மனக்குறைக்கான காரணிகள்

மனநிறைவைத் தரும் காரணிகள் பெரும்பாலும் வகுப்பறைக்குள் இருக்க, மனக்குறையைத் தருபவை வெளியிலிருந்து வருகின்றன. ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் டின்ஹம், கேத்தரின் ஸ்காட் ஆகியோர் 1990களின் இறுதியில் தொடங்கிப் பின்னர் பிற நாடுகளுக்கும் விரிவாக்கிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மாணவர் அடைவு, தம் தொழில் வளர்ச்சி போன்ற உள்ளார்ந்த கூறுகள் பெரிதும் நிறைவளித்தன. அடிக்கடி மாறும் கல்விக் கொள்கை, ஊடகங்களில் ஆசிரியர் சித்திரிக்கப்படும் விதம், தாழ்ந்துவரும் சமூக மதிப்பு ஆகியவை பெரிதும் மனக்குறை அளித்தன. பள்ளி அளவிலான கூறுகள் இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்து, பள்ளிக்குப் பள்ளி மிகவும் வேறுபட்டன. மாற்றத்தை ஏற்படுத்த இயலும் இடம் இந்த நடுத்தளமே ஆகும்.

பணிச்சுமையில் மொத்த நேரம் மட்டுமன்றி, அந்நேரம் எதற்குச் செலவாகிறது என்பதும் முக்கியமானது. 2018 ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கற்பித்தல் கற்றல் ஆய்வின்படி, ஜப்பானின் கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 56 மணி நேரம் உழைத்தனர். பங்கேற்ற நாடுகளுள் இதுவே மிகுதி. அதில் பாடம் நடத்திய நேரம் ஏறத்தாழ 18 மணி மட்டுமே. மாணவர் மன்றச் செயற்பாடுகளும் எழுத்துப் பணிகளும் எஞ்சிய நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன.

இங்கிலாந்தில் 2014 இல் அரசு பணிச்சுமை பற்றிக் கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 44,000 பேர் விடையளித்தனர். இதன் தொடர்ச்சியாக 2016 இல் ஏடு திருத்துதல், பாடத் திட்டமிடல், தரவு மேலாண்மை ஆகிய மூன்றையும் பற்றித் தனித்தனி அறிக்கைகள் வெளியிடப்பட்டன. மாணவருக்குப் பயன்படாமல், மேலதிகாரிகளுக்குக் காட்டுவதற்காக மட்டும் செய்யப்படும் வேலையைக் கைவிடுவது இவ்வறிக்கைகளின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

ஊதியத்தின் இடம்

ஊதியம் முக்கியமன்று என்பது இவ்வாய்வுகளின் பொருளன்று. ரிச்சர்ட் இங்கர்சால் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், மனக்குறையால் பணியை விட்டோர் கூறிய காரணங்களுள் குறைந்த ஊதியமும் முன்னணியில் இருந்தது. நிர்வாக ஆதரவின்மை, மாணவர் ஒழுக்கச் சிக்கல், முடிவெடுப்பதில் பங்கின்மை ஆகியவை அதனுடன் இருந்தன. அமெரிக்கப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஓய்வு பெறுதலைவிட ஓய்வுக்கு முன்னரே விலகுதல் பெரிய காரணம் என்றும், விலகலைத் தடுக்காமல் புதியவர்களைச் சேர்ப்பது ஓட்டை வாளியில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பானது என்றும் அவர் வாதிட்டார்.

பால் பெனல், குவாமே அச்சம்பொங் ஆகியோர் 2007 இல் சகாரா தெற்கு ஆப்பிரிக்காவையும் தெற்காசியாவையும் சேர்ந்த 12 நாடுகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, ஊதியம் குடும்பச் செலவுக்கே போதாத இடங்களில் மற்றக் காரணிகள் வலுவிழக்கின்றன என்பதைக் காட்டியது. தங்குவதற்கு வீடின்மையும் நெடுந்தொலைவுப் பயணமும் அங்கு பெரும் மனக்குறைகளாக இருந்தன.

ஊதியம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இந்தோனேசியா தெளிவான எடுத்துக்காட்டாகும். அந்நாட்டின் 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அடிப்படை ஊதியத்திற்கு இணையான படி வழங்கப்பட்டது. 360 பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான சோதனை ஆய்வின்படி, இவ்வாறு ஊதியம் உயர்ந்த ஆசிரியர்களின் வருமானம் குறித்த மனநிறைவு கூடியது. பணக்கவலையும் வேறு வேலை பார்க்கும் தேவையும் குறைந்தன. ஆனால் மாணவரின் கற்றல் அடைவில் மாற்றம் காணப்படவில்லை. ஊதிய உயர்வு ஆசிரியரின் வாழ்க்கையை மேம்படுத்தியது; வகுப்பறையை மேம்படுத்துவதற்கு வேறு ஏற்பாடுகள் தேவைப்பட்டன.

சமூக மதிப்பு

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு நடத்தும் பன்னாட்டுக் கற்பித்தல் கற்றல் ஆய்வில் ஒரு முரண் தொடர்ந்து காணப்படுகிறது. 2013 ஆம் ஆண்டின் சுற்றிலும் 2018 ஆம் ஆண்டின் சுற்றிலும், தம் பணியில் ஒட்டுமொத்தமாக நிறைவு கொள்வதாகப் பத்தில் ஒன்பது பேர் கூறினர். ஆயினும் தம் தொழிலைச் சமூகம் மதிக்கிறது என்று 2013 இல் மூவருள் ஒருவருக்கும் குறைவானவர்களே கருதினர். 2018 இல் இது ஏறத்தாழ நால்வருள் ஒருவராக இருந்தது.

சமூகம் மதிக்கிறது என்று 2013 இல் கருதிய ஆசிரியர்களின் விழுக்காடு சில நாடுகளில் பின்வருமாறு (முழு எண்ணாக்கப்பட்டது):

- மலேசியா: 84
- சிங்கப்பூர்: 68
- தென் கொரியா: 67
- பின்லாந்து: 59
- சுவீடன்: 5
- பிரான்சு: 5
- சிலோவாக்கியா: 4

ஆசிரியரின் நிலை குறித்த பன்னாட்டுப் பரிந்துரை 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் ஏற்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெசுக்கோவும் இணைந்து உருவாக்கிய இப்பரிந்துரை, ஊதியத்துடன் கற்பித்தல் உரிமை, வகுப்பின் அளவு, பணிநேரம், கொள்கை வகுப்பதில் பங்கு ஆகியவற்றையும் பேசுகிறது. இந்நாளே 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2003 இல் முன்னறிவிப்பின்றி நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வில், நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்பது தெரியவந்தது. மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் இதன் முடிவுகளை 2005 இல் வெளியிட்டனர். கூடுதல் ஊதியத்திற்கும் குறைந்த வருகையின்மைக்கும் தொடர்பு காணப்படவில்லை. கூடுதல் ஊதியம் பெறும் மூத்த ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வராதிருந்தனர். நல்ல கட்டட வசதியும் சாலை வசதியும் உள்ள பள்ளிகளிலும், அண்மையில் அலுவலர் பார்வையிட்ட பள்ளிகளிலும் வருகையின்மை குறைவாக இருந்தது. வருகையின்மையை மனநிறைவின்மையின் நேரடி அளவாகக் கொள்ள இயலாது. எனினும், நாள்தோறும் எதிர்கொள்ளும் பணிச்சூழலின் முக்கியத்துவத்தை இம்முடிவு உணர்த்துகிறது.

கற்பித்தல் அல்லாத பணிகள் இந்திய ஆசிரியர்களின் நெடுநாள் மனக்குறையாகும். 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்விசாராப் பணிகளில் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. தேர்தல் விலக்கின்கீழ் வாக்காளர் பட்டியல் பணிகளிலும் ஆசிரியர்கள் ஈடுபடுத்தப்படுகின்றனர். தமிழ்நாட்டில் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலை, பாடம் நடத்தும் நேரத்தைக் குறைப்பதாக ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டு வந்துள்ளன.

சிற்றூர்களின் ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இருவர் நடத்த வேண்டியுள்ளது. ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும் நாளில் மற்றவரே முழுப் பள்ளியையும் கவனிக்கிறார். உரையாடுவதற்குச் சக ஆசிரியர் இல்லாத இத்தகைய இடங்களில், பல பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் தனிமையைக் குறைக்க வாய்ப்பளிக்கின்றன. அவை சுற்றறிக்கைகளை வாசிக்கும் இடமாக அமைகின்றனவா, கற்பித்தலைப் பகிரும் இடமாக அமைகின்றனவா என்பதைப் பொறுத்தே அவற்றின் பயன் அமையும்.

பணியிட மாறுதலும் மனநிறைவைப் பாதிக்கும் காரணியாகும். குடும்பம் ஓரிடத்திலும் பள்ளி வேறிடத்திலும் இருப்பது நீண்ட பயணத்திற்கும் பிரிவிற்கும் வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் முன்னுரிமையின் அடிப்படையில் வெளிப்படையாக நடத்தப்படும் மாறுதல் கலந்தாய்வும், கருநாடகத்தில் 2007 இல் இயற்றப்பட்டு முன்னர் நடைமுறையில் இருந்த ஆசிரியர் இடமாற்றச் சட்டமும் பரிந்துரைக்கும் செல்வாக்கிற்கும் இடமளிக்காமல் மாறுதல்களை முறைப்படுத்தும் நோக்கம் கொண்டவை.

பாராட்டுக்கென முறையான ஏற்பாடுகளும் உள்ளன. சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் இந்தியாவில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தேசிய அளவிலான ஆசிரியர் விருது 1958 முதல் வழங்கப்படுகிறது. தமிழ்நாடு அரசின் விருது நல்லாசிரியர் விருது எனப் பரவலாக அறியப்படுகிறது. இவை சிலருக்கே கிடைப்பவை. தலைமையாசிரியரும் பெற்றோரும் முன்னாள் மாணவரும் அன்றாடம் தரும் ஏற்பே பெரும்பாலான ஆசிரியர்களைச் சென்றடையும் பாராட்டாகும்.

விளைவுகள்

மனநிறைவின்மை ஆசிரியரை மட்டும் பாதிப்பதில்லை. மேத்யூ ரான்ஃபெல்ட், சூசன்னா லோப், ஜேம்ஸ் விகாஃப் ஆகியோர் நியூயோர்க் நகரின் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. ஆசிரியர்கள் மிகுதியாக விலகும் வகுப்பு நிலைகளில் மாணவரின் மொழி, கணித அடைவு குறைந்தது. அடைவு குறைந்த பள்ளிகளிலும் கறுப்பின மாணவர்கள் மிகுந்த பள்ளிகளிலும் பாதிப்பு கூடுதலாக இருந்தது. விலகாமல் நீடித்த ஆசிரியர்களின் மாணவர்களும் பாதிக்கப்பட்டனர். ஆசிரியர்கள் அடிக்கடி மாறும்போது பள்ளியின் கூட்டு அனுபவமும் நம்பிக்கையும் கலைந்துவிடுவது இதற்கான விளக்கங்களுள் ஒன்று.

அளவிடலும் அதன் வரம்புகளும்

மனநிறைவு பெரும்பாலும் வினாத்தாள் வழியே அளவிடப்படுகிறது. பணியைப் பற்றி ஒட்டுமொத்தமாகக் கேட்கும் வினாக்களுக்கும், ஊதியம், தலைமை, மாணவர் எனக் கூறுகூறாகக் கேட்கும் வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகள் வேறுபடலாம். பணியை விட்டு விலகியோர் வினாத்தாளில் இடம்பெறாததால், நிறைவுடையோரின் விழுக்காடு உயர்ந்து தோன்றவும் வாய்ப்புண்டு. ஹெர்ஸ்பெர்க்கின் நேர்காணல் முறையும் இத்தகைய விமர்சனத்திற்கு உள்ளானது. மக்கள் வெற்றியைத் தம் செயலாகவும் தோல்வியைச் சூழலின் குற்றமாகவும் கூறும் இயல்புடையவர்கள் என்பதால், அம்முறையே இருகாரணி முடிவைத் தோற்றுவிக்கிறது என்று கூறப்பட்டது.

விமர்சனங்கள்

உளவெகுமதி என்னும் கருத்து, குறைந்த ஊதியத்தை நியாயப்படுத்தப் பயன்படக்கூடும் என்பது முதன்மையான விமர்சனமாகும். ஐக்கிய அமெரிக்காவில் 19 ஆம் நூற்றாண்டில் பொதுப்பள்ளிகள் விரிவடைந்தபோது, ஆண்களுக்கு அளித்ததைவிட மிகக் குறைந்த ஊதியத்தில் பெண்கள் ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். குழந்தைகளைப் பேணுவது பெண்களின் இயல்பான கடமை என்னும் வாதம் இதற்குத் துணைநின்றது. தமிழ்நாட்டில் ஆசிரியப் பணியை அறப்பணி எனப் போற்றும் வழக்கும் இருமுகம் கொண்டது. அது தொழிலுக்கு மதிப்பைத் தருகிறது. அதே வேளையில் உரிமை கோருவதைப் பொருந்தாச் செயலாகக் காட்டவும் பயன்படுகிறது. 2012 இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். இவர்கள் பின்னர் பணி நிரந்தரம் கோரிப் பல ஆண்டுகள் போராடினர். பணியில் நிறைவு காண்பவரும் பணி நிலையின்மையால் துன்புறலாம் என்பதற்கு இது சான்றாகும்.

மற்றொரு விமர்சனம், மனநிறைவைத் தனியாளின் பொறுப்பாக்குவது பற்றியது. மன அழுத்தத்தைத் தாங்கும் பயிற்சிகளை ஆசிரியர்களுக்கு அளித்துவிட்டு, அழுத்தத்தைத் தரும் பணிச்சுமையை அப்படியே விட்டுவிடுவது தீர்வாகாது என்று ஆசிரியர் அமைப்புகள் பல நாடுகளில் சுட்டிக்காட்டியுள்ளன. போதிய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அடித்தளம் எனவும், கற்பித்தலில் வெற்றி காண வழிசெய்யும் பள்ளிச்சூழல் அதன்மேல் கட்டப்பட வேண்டியது எனவும், இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது எனவும் இவ்விமர்சனங்களைத் தொகுத்துக் கூறலாம்.

இவற்றையும் பார்க்க

- ஆசிரியர்
- இருகாரணிக் கோட்பாடு
- பணிச் சோர்வு
- தன்முடிவுக் கோட்பாடு
- உலக ஆசிரியர் நாள்
- கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009
- பின்லாந்தில் கல்வி